வீட்டுக்குள் ஏன் இருக்க வேண்டும்? ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ 1968, 1990

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ என்பது, செத்தவர்கள் எழுந்து வந்து மனிதர்களைத் தின்ன, ஒரு பண்ணைவீட்டுக்குள் சிலர் மாட்டிக்கொள்ளும் அமெரிக்கத் திகில் படம். நீங்கள் அதன் ரீமேக்கான, 1990-இல் வந்த கலர்ப் படத்தை முதலில் பார்த்திருக்கிறீர்கள். அப்புறம் 1968-இல் வந்த கறுப்பு வெள்ளை மூலப்படம் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதைக் கண்டு அதையும் பார்த்திருக்கிறீர்கள். கதை ஏறக்குறைய ஒன்றுதான், எடுத்தவர்களும் ஏறக்குறைய அதே ஆட்கள்தான். அப்படியானால் எதற்காக இருபத்திரண்டு வருடம் கழித்து அதையே திரும்ப எடுத்தார்கள், பழைய படம் எப்படி யாரும் காசு கேட்காமல் கிடைக்கிறது, இரண்டில் எது உருப்படியான படம் என்று கேட்கிறீர்கள்.

மூன்றுக்கும் பதில் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறது. மூலப்படத்தை எடுத்தவர்கள் தங்கள் படத்தைத் தாங்களே பறிகொடுத்தவர்கள். ரீமேக் அதை மீட்க எடுத்த முயற்சி. பணத்துக்காகத்தான் தொடங்கினார்கள். ஆனால் ரீமேக்கின் திரைக்கதையை எழுத உட்கார்ந்த, மூலப்படத்தின் இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ, தன் பழைய படத்தோடு தானே வாதம் செய்திருக்கிறார். அந்த வாதம் நடக்கும் இடங்களில் ரீமேக் அருமையாக இருக்கிறது; பழையதை அப்படியே திரும்பச் செய்யும் இடங்களில் சாதாரணமாக இருக்கிறது. இதுதான் என் கருத்து. கதையின் முடிவு வரை பேசப்போகிறேன், எனவே இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டுப் படிப்பது நல்லது.

1967-இல் பிட்ஸ்பர்க் நகரத்தில் ‘லேட்டன்ட் இமேஜ்’ என்று ஒரு சின்ன நிறுவனம் இருந்தது. ரொமேரோ, ஜான் ரூசோ, ரஸ்ஸல் ஸ்ட்ரைனர் போன்ற இளைஞர்கள் அதில் விளம்பரப் படங்களும் தொழில் நிறுவனங்களுக்கான படங்களும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்குக் குறும்படங்களும் ரொமேரோ எடுத்திருக்கிறார். முழுநீளப் படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருந்தது, கையில் காசு இல்லை. பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு 600 டாலர் போட்டு ‘இமேஜ் டென்’ என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அந்த 6,000 டாலர்தான் ஆரம்ப முதல். பிறகு தெரிந்தவர்களிடமெல்லாம் பங்கு விற்றுச் சேர்த்ததில் மொத்தச் செலவு சுமார் 1,14,000 டாலரில் வந்து நின்றது. ஹாலிவுட் கணக்கில் அது அன்றைக்கும் சில்லறைதான்.

பிட்ஸ்பர்க்குக்கு வடக்கே எவன்ஸ் சிட்டி என்ற சிற்றூர். அங்கே இடிக்கப்போகிற ஒரு பண்ணைவீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். இடிக்கப்போகிற வீடு என்பதால் சுவரில் ஆணி அடிக்கலாம், சன்னலை உடைக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். நிலவறை மட்டும் ஷூட்டிங்குக்கு லாயக்கில்லாமல் இருந்ததால், நிலவறைக் காட்சிகளைப் பிட்ஸ்பர்க்கில் தங்கள் அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் எடுத்தார்கள். முதலீட்டாளர்களில் ஒருவர் இறைச்சித் தொழிலில் இருந்தவர். பிணங்கள் தின்னும் குடலும் ஈரலும் அவர் கொண்டுவந்து கொடுத்தவை. ரத்தம் என்று நாம் பார்ப்பது சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் அதுதான் ரத்தத்தைவிட ரத்தமாகத் தெரியும்.

தொடக்கத்தில் அண்ணனும் தங்கையும் வரும் கார் ஸ்ட்ரைனரின் அம்மாவுடையது. ஷூட்டிங் நாட்களுக்கு நடுவே யாரோ அதில் மோதி நசுக்கிவிட்டார்கள். அடுத்த காட்சியில் நசுங்கிய கார் திரையில் தெரியுமே! காரைச் சரிசெய்யப் பணம் செலவழிப்பதற்குப் பதில், தங்கை பார்பரா தப்பி ஓடும்போது கார் சரிவில் உருண்டு மரத்தில் உரசி நிற்பதாகக் காட்சியை மாற்றிக்கொண்டார்கள். அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பாருங்கள். சாவி இல்லாத கார், பிரேக்கை விடுவித்துச் சரிவில் இறங்குகிறது, அதுவும் மரத்தில் சிக்கி நின்றுவிடுகிறது, அவள் கதவைத் திறந்து ஓடுகிறாள். தப்பிக்கும் வழி ஒவ்வொன்றாக அடைபடும் ஒரு படத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைக்காது. இந்தப் படத்தில் இப்படிப் பல இடங்கள் உண்டு.

நடிகர்களும் அப்படித்தான். தயாரிப்பில் இருந்தவர்களே வேடம் கட்டினார்கள். கல்லறையில் பார்பராவைப் பயமுறுத்திக் கேலி செய்யும் அண்ணன் ஜானி, தயாரிப்பாளர் ஸ்ட்ரைனர்தான். நிலவறையைவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஹாரி கூப்பராக நடித்த கார்ல் ஹார்ட்மன் இன்னொரு தயாரிப்பாளர். அவருடைய சொந்த மகள் கைரா ஷான்தான் படத்திலும் மகள். கூப்பரின் மனைவியாக நடித்த மேரிலின் ஈஸ்ட்மன் மேக்கப்பையும் கவனித்துக்கொண்டார். உள்ளூர்த் தொலைக்காட்சியில் எல்லோருக்கும் பழக்கமான பில் கார்டில், படத்திலும் செய்தியாளராகவே வருகிறார். துப்பாக்கியும் நாயுமாக வயல்வெளியில் நடக்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்து மக்கள். இவர்கள் யாருக்கும் நடிகர் முகம் கிடையாது. அதனால்தான் அந்தத் தொலைக்காட்சிச் செய்திகளைப் பார்க்கும்போது இது நிஜமாகவே எங்கோ ஒளிபரப்பானது போலத் தோன்றுகிறது. அமெரிக்கர்கள் தினமும் இரவு வியட்நாம் போரையும், டெட்ராய்ட்டிலும் நியூவார்க்கிலும் நடந்த கலவரங்களையும் இதே கறுப்பு வெள்ளைச் சட்டகத்தில் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. கலர் பிலிம் வாங்க வசதியில்லாதது கடைசியில் படத்துக்கு நல்லதாகவே முடிந்தது.

கதாநாயகன் பென் பாத்திரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திரைக்கதையில் அவன் கொஞ்சம் முரட்டுத்தனமான லாரி ஓட்டுநர். இன்ன நிறத்தவன் என்று எழுதப்படவில்லை. வந்து நடித்துக் காட்டியவர்களில் டுவேன் ஜோன்ஸ்தான் சிறப்பாகச் செய்தார், அதனால் அவரைப் போட்டோம் என்று ரொமேரோ பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கிறார். ஜோன்ஸ் நன்றாகப் படித்தவர், நாடகக்காரர். முரட்டு வசனங்களைத் தன் இயல்புக்கு ஏற்ப மாற்றிப் பேசினார். இதன் விளைவு என்ன? 1968-இல் ஒரு அமெரிக்கப் படத்தில் ஒரு கறுப்பின மனிதர் வெள்ளைக்காரர்கள் இருக்கும் வீட்டில் பொறுப்பை எடுத்துக்கொள்கிறார், வெள்ளைக்காரப் பெண்ணை முகத்தில் அடிக்கிறார், வெள்ளைக்காரரைச் சுட்டுக் கொல்கிறார். படத்தில் ஒருவர்கூட அவருடைய நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்த அடிக்கும் காட்சி வெளியே எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்று ஜோன்ஸுக்கே கவலை இருந்தது. ரொமேரோவும் ஸ்ட்ரைனரும் முடிந்த படத்தின் பிரிண்டைக் காரில் வைத்துக்கொண்டு நியூயார்க்குக்குப் போனது 1968 ஏப்ரல் 4 இரவு. மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை அந்தக் கார் ரேடியோவில்தான் கேட்டார்கள்.

கடைசிக் காட்சியை அந்தப் பின்னணியில் நினைத்துப் பாருங்கள். இரவு முழுக்கப் போராடி, மற்ற எல்லோரும் செத்து, பென் ஒருவன் மட்டும் பிழைத்து மறுநாள் காலையில் சன்னல் வழியே எட்டிப் பார்க்கிறான். வெளியே வந்திருக்கும் துப்பாக்கிக் கூட்டம் இவனும் ஒரு பிணம் என்று நினைத்து நெற்றியில் சுட்டுவிடுகிறது. யாரும் கிட்டே வந்து பார்ப்பதுகூட இல்லை. அதற்குப் பிறகு படம் நகர்வதை நிறுத்திவிட்டு, பத்திரிகைப் புகைப்படம் போலப் புள்ளி புள்ளியான ஸ்டில்களாக மாறுகிறது. இறைச்சிக் கொக்கிகளைக் குத்தி உடலைத் தூக்குகிறார்கள், விறகில் கிடத்துகிறார்கள், தீ வைக்கிறார்கள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களை அடித்துக் கொன்று நிற்கும் கும்பல்களின் பழைய புகைப்படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஸ்டில்கள் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. விநியோகத்துக்குக் கேட்டுப் போன ஒரு நிறுவனம், முடிவை மாற்றி பென்னைக் காப்பாற்றினால் வாங்கிக்கொள்கிறோம் என்றது. இவர்கள் மாட்டேன் என்றார்கள். கையில் கடனை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்வதற்குப் பெரிய மனது வேண்டும்.

கடைசியில் வால்டர் ரீட் என்ற நிறுவனம் படத்தை வெளியிட ஒப்புக்கொண்டது. இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் வருகிறது. அப்போது படத்தின் பெயர் ‘நைட் ஆஃப் த ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்’. இதே மாதிரிப் பெயரில் ஏற்கெனவே ஒரு படம் வந்திருந்ததால் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. பழைய டைட்டில் கார்டை எடுத்துவிட்டுப் புதுப் பெயரோடு வேறு கார்டு போட்டார்கள். காப்பிரைட் அறிவிப்பு அந்தப் பழைய கார்டில்தான் இருந்தது. புதுக் கார்டில் அதைப் போட மறந்துவிட்டார்கள்.

இன்றைக்கு இது ஒரு பெரிய விஷயமே இல்லை. நீங்கள் ஒன்றை எழுதினாலே, எடுத்தாலே அதன் உரிமை உங்களுடையது, எந்தக் குறியும் போட வேண்டியதில்லை. ஆனால் அன்றைய அமெரிக்காவில் 1909-ஆம் ஆண்டுச் சட்டம்தான் நடைமுறையில் இருந்தது. அதன்படி ஒரு படைப்பை வெளியிடும்போது காப்பிரைட் அறிவிப்பு அதன்மேல் இருந்தே ஆக வேண்டும். இல்லாமல் வெளியிட்டால் அது பொதுச் சொத்து. அறிவிப்பு கட்டாயம் என்ற விதியை அமெரிக்கா கைவிட்டது 1989-இல்தான். ஆக, 1968 அக்டோபர் 1-ஆம் தேதி பிட்ஸ்பர்க்கின் ஃபுல்டன் தியேட்டரில் முதல் காட்சி ஓடிய படத்துக்கு, சட்டப்படி உரிமையாளர் என்று யாரும் இல்லாமல் போய்விட்டது.

படமோ நன்றாக ஓடியது. போட்ட பணத்தைப்போலப் பல மடங்கு வசூல். ஆனால் எடுத்தவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது அதில் கொஞ்சம்தான். விநியோக நிறுவனத்தோடு கணக்குத் தகராறு நீதிமன்றம் வரை போனது. வீடியோ கேசட் காலம் வந்ததும் நிலைமை இன்னும் மோசம். தேய்ந்த பிரிண்ட் ஒன்றைக் கையில் வைத்திருந்த யார் வேண்டுமானாலும் கேசட் போட்டு விற்றார்கள். 1986-இல் கணினியில் வண்ணம் தீட்டிய பதிப்பு ஒன்று வந்தது. ரொமேரோவுக்குப் பத்து பைசாகூடத் தராமல் இவை எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டே நடந்தன.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. யாரும் காசு கேட்காத படம் என்பதால்தான் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள் ஆண்டுதோறும் அதை நள்ளிரவில் போட்டன, ஊர் ஊராகத் திரையிட்டார்கள், மற்ற படங்களில் ஓடும் டிவிப் பெட்டியில் இதையே காட்டினார்கள். மெதுவாக நடந்து வரும் பிணங்கள், கடித்தால் கடிபட்டவரும் அப்படி ஆவது, தலையில் சுட்டால்தான் சாவது, ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் தங்களுக்குள்ளே அடித்துக்கொள்வது என்று ஜாம்பிக் கதைகளின் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு படத்திலிருந்து உலகம் முழுக்கப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். இழப்பு இழப்புதான். அந்தப் புகழால் அவர்களுக்கு வீட்டு வாடகை கட்ட முடியவில்லை.

சரி, ரீமேக்குக்கு வருவோம். 1980-களின் இறுதியில் நிலைமை இதுதான்: யாராவது ஒருவர் நாளைக்கே இந்தப் படத்தை ரீமேக் செய்தால் தடுக்க வழியில்லை. வேறு யாரோ செய்வதற்கு முன் நாமே செய்துவிடலாம், அப்போதாவது பழைய முதலீட்டாளர்களுக்குக் கொஞ்சம் பணம் கிடைக்கும் என்று ரொமேரோ, ரூசோ, ஸ்ட்ரைனர் மூவரும் மறுபடி ஒன்றுசேர்ந்தார்கள். இடையில் ரொமேரோவும் ரூசோவும் தனித்தனி வழியில் போயிருந்தார்கள், தொடர்ச்சிப் படங்களின் பெயர் உரிமையைக்கூடப் பங்கு பிரித்துக்கொண்டவர்கள். தயாரிப்பாளர் மெனஹெம் கோலனின் நிறுவனம் பணம் போட்டது, கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. சுமார் 42 லட்சம் டாலர் பட்ஜெட். விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும் மூலப்படத்தைப்போல ஒன்பது மடங்கு.

பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ரீமேக் எடுத்ததால் பழைய படத்தின் காப்பிரைட் திரும்பி வந்துவிடவில்லை. பொதுச் சொத்தானது பொதுச் சொத்துதான். 1990 படத்தில் புதிதாகச் சேர்த்தவற்றுக்கு மட்டும்தான் காப்பிரைட். அதனால்தான் 2006-இல் ரொமேரோவுக்கும் ரூசோவுக்கும் சம்பந்தமே இல்லாத சிலர் இதே பெயரில் ஒரு 3டி படம் எடுத்து வெளியிட முடிந்தது. அதைப் பற்றி நேரம் செலவழிக்க வேண்டாம்.

ரீமேக்கை இயக்கியது டாம் சவினி. ரொமேரோவின் பிற்காலப் படங்களுக்கு மேக்கப்பும் ரத்தக் காட்சிகளும் செய்து பெயர் வாங்கியவர். மூலப்படத்திலேயே மேக்கப் வேலை செய்ய வேண்டியவர். அதற்குள் ராணுவத்தில் சேர்ந்து வியட்நாமுக்குப் புகைப்படக்காரராகப் போய்விட்டார். கை கால் துண்டாகிற காட்சிகளுக்குப் பேர்போன ஆள் இயக்குகிறார் என்றதும் ரசிகர்கள் ரத்த வெள்ளத்தை எதிர்பார்த்தார்கள். படமோ அந்த விஷயத்தில் அடக்கமானது. ஒரு பங்கு சவினியின் விருப்பம், ஒரு பங்கு தணிக்கை வெட்டு.

இருந்தாலும் மேக்கப்பில் ஒரு முதிர்ச்சி தெரிகிறது. தொடக்கக் கல்லறைக் காட்சியில் சவப்பெட்டியிலிருந்து எழுந்து நடந்து வரும் ஒரு பிணத்தைக் கவனித்தீர்களா? நல்ல கோட்டு சூட்டுப் போட்டிருக்கும். நாலு அடி நடந்ததும் உடை முன்பக்கமாக நழுவி விழுகிறது, நெஞ்சில் பிரேதப் பரிசோதனைத் தையல் தெரிகிறது. அங்கே இறந்தவருக்கு உடை உடுத்தும்போது முதுகுப்பக்கம் கிழித்து முன்னால் செருகிவிடுவது வழக்கம்; படுத்திருக்கும்வரை அது தெரியாது. எழுந்து நடந்தால் விழத்தானே செய்யும். அந்த ஒரு நொடியில் அந்தப் பிணம் பூச்சாண்டியாக இல்லாமல், நேற்று யாரோ அழுது அடக்கம் செய்ய வைத்திருந்த ஒரு மனிதராகத் தெரிகிறது. எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்த சில நொடிகளில் இது ஒன்று.

அதே காட்சியில் இன்னொரு தந்திரமும் இருக்கிறது. மூலப்படத்தில் தூரத்தில் தள்ளாடி வரும் கிழவன்தான் முதல் பிணம். ரீமேக்கிலும் ஒரு கிழவர் தள்ளாடி வந்து பார்பராமேல் மோதுகிறார். பழைய படம் பார்த்தவர்கள் இதோ கடிக்கப்போகிறார் என்று எதிர்பார்ப்பார்கள். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போய்விடுகிறார். மூச்சு விட்டு முடிப்பதற்குள் உண்மையான பிணம் வேறு திசையிலிருந்து பாய்கிறது. உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்காதீர்கள் என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் ரீமேக்கின் உயிர் பார்பராதான்.

மூலப்படத்தில் ஜூடித் ஓடே நடித்த பார்பரா, அண்ணன் செத்த அதிர்ச்சியில் வீட்டுக்குள் வந்ததும் உறைந்துபோகிறாள். சோபாவில் உட்கார்ந்து மேசைவிரிப்பைத் தடவிக்கொண்டிருக்கிறாள். அதன்பிறகு படம் முழுக்க அவள் ஏறக்குறைய ஒரு சுமை. கடைசியில் பிணமாகத் திரும்பி வரும் அண்ணனே அவளை இழுத்துக்கொண்டு போகிறான். பெண் பாத்திரத்தை இப்படியா எழுதுவது என்று ரொமேரோமேல் விமர்சனம் உண்டு, அவருக்கே அந்த உறுத்தல் இருந்தது. நான் அந்தப் பழைய பார்பராவை அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்கமாட்டேன். கண்ணெதிரே கூடப்பிறந்தவன் சாவதைப் பார்த்த ஒருவர் உறைந்துபோவது கோழைத்தனம் இல்லை. ஓடே அதை எந்த அலட்டலும் இல்லாமல் செய்திருக்கிறார். அந்த வீட்டில் நடந்ததை நடந்த அளவுக்கு உணர்ந்தவள் அவள் ஒருத்திதான் என்றுகூட எனக்குத் தோன்றும்.

ரீமேக்கில் பட்ரிஷியா டால்மன் நடித்த பார்பராவும் முதலில் அழுகிறாள், நடுங்குகிறாள். கண்ணாடி, பாவாடை, அம்மாவுக்குப் பயந்த பெண். பிறகு அந்த வீட்டில் கிடைத்த கால்சட்டையையும் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு துப்பாக்கியை எடுக்கிறாள். இது வெறும் வீராங்கனை வேஷம் அல்ல. அவள் செய்வதெல்லாம் பார்ப்பது. வெளியே இருப்பவை செத்தவைதானா என்று மற்றவர்கள் கத்திக்கொண்டிருக்கும்போது, அவள் ஒன்றின் நெஞ்சில் திரும்பத் திரும்பச் சுட்டு, அது விழாமல் வருவதைக் காட்டிவிட்டு, கடைசியில் தலையில் சுடுகிறாள். அப்புறம் எல்லோரையும் பார்த்து அவள் சொல்லும் ஒரு விஷயம் இருக்கிறதே, அதுதான் இந்தப் படம் எடுக்கப்பட்டதற்கான நியாயம்: இவை மெதுவாகத்தானே நடக்கின்றன, கவனமாக இருந்தால் இவற்றைத் தாண்டி நடந்தே போய்விடலாமே!

இதன் கனம் புரிய, பழைய படத்தின் சண்டை என்ன என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். மேலே இருந்து சன்னல் கதவுகளை அடைத்துக் காவல் காக்கலாம் என்கிறான் பென். நிலவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்கிறான் கூப்பர். நாம் பென் பக்கம் நிற்கிறோம், ஏனென்றால் அவன் நல்லவன், துணிச்சல்காரன், கூப்பர் சிடுமூஞ்சி. ஆனால் கடைசியில் மேல்தளம் விழுகிறது. பென் உயிர் பிழைப்பதே கூப்பர் சொன்ன நிலவறைக்குள் போய்த்தான். இது மூலப்படத்தின் மிகக் கசப்பான இடம், பலர் இதைக் கவனிப்பதில்லை. நல்லவன் சொன்னது தப்பு, கெட்டவன் சொன்னது சரி, இரண்டாலும் பிரயோசனமில்லை.

ரொமேரோ இருபத்திரண்டு வருடம் கழித்து இந்த மேலா கீழா என்ற வழக்கை மறுபடி எடுத்து, இரண்டு பேரும் வீட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்களே, வீட்டுக்குள் ஏன் இருக்க வேண்டும் என்று பார்பராவைக் கேட்க வைக்கிறார். அவள் சொல்லை ஆண்கள் இருவரும் காதில் வாங்குவதில்லை. பென்னும் கூப்பரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிறார்கள். ஒருவன் நிலவறைக்குப் போகிறான், இன்னொருவன் பரணுக்கு ஏறுகிறான். பார்பரா கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்து போகிறாள். போயே விடுகிறாள். இரண்டு பக்கமும் கை நீட்டும் பிணங்களுக்கு நடுவே அவள் நடந்து போகும் அந்தக் காட்சியில் பெரிய சண்டை எதுவும் கிடையாது, அதுதான் அதன் சிறப்பு. உள்ளே இருப்பவர்கள் ஆணி அடித்து, கத்தி, தோட்டாவைக் காலி செய்துகொண்டிருந்த அத்தனை நேரமும் வழி திறந்தே கிடந்திருக்கிறது.

நிலவறையில் பென்னுக்கு நடப்பதும் நல்ல எழுத்து. எந்தப் பெட்ரோல் பம்பைத் திறக்கச் சாவி இல்லாமல் அந்த வீட்டில் இருந்த இளம் ஜோடி தீயில் செத்ததோ, அந்தச் சாவி நிலவறையில்தான் இருக்கிறது. கூப்பர் சொன்னபடி முதலிலேயே கீழே போயிருந்தால் சாவி கிடைத்திருக்கும். குண்டடி பட்டுக் கிடக்கும் பென் அந்தச் சாவியைப் பார்த்துச் சிரிக்கிறான். ரீமேக்கில் பென்னாக நடித்த டோனி டாட் அந்தச் சிரிப்பை அடிவயிற்றிலிருந்து சிரித்திருக்கிறார், கேட்கவே வயிறு கலங்குகிறது.

மறுநாள் பார்பரா துப்பாக்கிக் கூட்டத்தோடு வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். பென் பிணமாக மாறி வெளியே வருகிறான், சுடப்படுகிறான். பரணிலிருந்து கூப்பர் உயிரோடு இறங்கி வந்து, நீ திரும்பி வந்துவிட்டாயா என்கிறான். பார்பரா ஒரு கணம் பார்த்துவிட்டு அவன் தலையில் சுடுகிறாள். வெளியே இருப்பவர்களைப் பார்த்து, ‘இங்கே இன்னொன்று இருக்கிறது, தீயில் போடுங்கள்’ என்கிறாள். மூலப்படத்தில் உயிரோடு இருந்த ஒருவனைப் பிணம் என்று நினைத்துச் சுட்டார்கள். இங்கே உயிரோடு இருப்பவன் என்று தெரிந்தே சுட்டு, பிணம் என்று கணக்கெழுதுகிறாள். அங்கே அது அலட்சியம், இங்கே அது கொலை. தியேட்டரில் கைதட்டல் வாங்கும்படி எடுத்திருக்கிறார்கள். ஆனால் கைதட்டிய கை கொஞ்ச நேரம் கழித்து உறுத்தும். அவள் பிழைத்தது நிஜம், பிழைக்கும்போது எதையோ விட்டுவிட்டு வந்ததும் நிஜம்.

இனி குறைகள். முதல் குறை, ரீமேக் தன் அர்த்தத்தைத் தானே வாய்விட்டுச் சொல்கிறது. ஊர்க்காரர்கள் பிணங்களை வேலிக்குள் அடைத்து மல்லுக்கட்டி விளையாடுவதையும், மரத்தில் தொங்கவிட்டுச் சுட்டுப் பழகுவதையும் பார்பரா பார்க்கிறாள். அந்தக் காட்சியே போதும். ஆனால் அவையும் நாமும் ஒன்றுதான் என்று அவளை ஒரு வசனமும் பேசவைக்கிறார்கள். மூலப்படம் அந்த ஸ்டில்களைக் காட்டிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் முகத்தில் அறைகிறது.

இரண்டாவது, பென்னின் கதை. டோனி டாட் அற்புதமான நடிகர், அவர்மேல் குறையில்லை. ஆனால் 1968-இல் பென் சுடப்படுவதில் இருந்த பயங்கரம், அவன் உயிரோடு இருந்தான் என்பதில்தான் இருந்தது. அவனை முன்பே பிணமாக்கிவிட்டால் அந்தக் குண்டு நியாயமான குண்டாகிவிடுகிறது. பார்பராவுக்கு ஒரு முழு வாழ்க்கை கொடுப்பதற்காகப் பென்னிடமிருந்து அவனுடைய சாவைப் பறித்துக்கொண்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. மூன்றாவது, நடுப்பகுதிச் சண்டைகள். மூலப்படத்தில் கூப்பர் எரிச்சலூட்டுபவன்தான், ஆனால் அவன் பேச்சில் ஒரு தர்க்கம் இருந்தது. ரீமேக்கில் கூப்பராக வரும் டாம் டௌல்ஸ் முதல் நிமிடத்திலிருந்தே கத்துகிறார். அவன் சொல்வதில் ஏதாவது சரியிருக்குமோ என்று யோசிக்க நமக்கு இடமே தருவதில்லை.

எது உருப்படியான படம் என்றால், மூலப்படம்தான். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1999-இல் அதைப் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்தது நியாயம். ஆனால் ரீமேக்கை வெறும் நகல் என்று தள்ளுபவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. 1990-இல் வெளியானபோது அமெரிக்காவில் சுமார் 58 லட்சம் டாலர்தான் வசூலித்தது. அதில் தியேட்டர்காரர்கள் பங்கு போனால் பட்ஜெட்டைக்கூட எடுத்திருக்காது. நாளாக நாளாகத்தான் அதற்கென்று ரசிகர்கள் சேர்ந்தார்கள். டால்மனின் பார்பரா அதற்கு முக்கியக் காரணம்.

நீங்கள் ரீமேக்கை முதலில் பார்த்துவிட்டதால் ஒன்று சொல்கிறேன். மூலப்படத்தை இன்னொரு தடவை, இம்முறை நல்ல பிரதியில் பாருங்கள். இணையத்தில் இலவசமாகச் சுற்றும் பிரதிகளில் நிறையத் தேய்ந்த பிரிண்டிலிருந்து எடுத்தவை. இரவுக் காட்சிகளில் முகமே தெரியாது, பேச்சு கரகரக்கும். படமே அப்படித்தான் என்று பலர் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2016-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் பழைய படங்களைப் பாதுகாக்கும் ஃபிலிம் பவுண்டேஷனும் சேர்ந்து அசல் கேமரா நெகட்டிவிலிருந்தே 4கே தரத்தில் இதைப் புதுப்பித்தன. ரொமேரோ 2017-இல் இறப்பதற்கு முன் அதைப் பார்த்துவிட்டார் என்பது எனக்கு ஒரு ஆறுதல். 2018-இல் க்ரைடீரியன் நிறுவனம் அந்தப் பதிப்பை டிஸ்க்காக வெளியிட்டது. அதில் வீட்டுச் சுவரின் காகித ஒட்டு, ஜோன்ஸின் நெற்றி வியர்வை, புல்வெளியில் நிற்கும் ஒவ்வொரு முகமும் துலக்கமாகத் தெரியும். படம் ஏறக்குறையச் சதுரமான சட்டகத்தில் இருக்க வேண்டும். மேலும் கீழும் வெட்டி அகலமாக்கிய பிரதி, வண்ணம் தீட்டிய பிரதி இரண்டும் வேண்டாம். 1999-இல் ரூசோ புதுக் காட்சிகளை எடுத்துச் செருகி, இசையையும் மாற்றி வெளியிட்ட ‘முப்பதாம் ஆண்டுப் பதிப்பு’ என்று ஒன்றும் இருக்கிறது. கல்லறையில் ஒரு பாதிரியார் வந்து பேச ஆரம்பித்தால் அது அந்தப் பதிப்பு, உடனே நிறுத்திவிட்டு வேறு பிரதியைத் தேடுங்கள்.